தஞ்சைக் கலைக்கூடமா, சோழமண்டலமா, புதுக்கோட்டையா?

தமிழ்நாட்டில் சிற்பமும் ஓவியமும் பார்க்க எங்கே போகலாம் என்று யார் கேட்டாலும் எழும்பூர் அருங்காட்சியகம் என்றுதான் முதலில் வாயில் வருகிறது. 1851இல் தொடங்கிய இடம், பெரிய சேகரிப்பு, சொல்வதில் தப்பில்லை. ஆனால் அதோடு நிறுத்திக்கொள்வதுதான் எனக்கு வருத்தம். பெரிய கோயிலுக்குப் போகிறவர்களில் பலர் கொஞ்ச தூரத்தில் இருக்கும் கலைக்கூடத்துக்குள் நுழைவதில்லை. மாமல்லபுரத்துக்குக் காரில் போகிறவர்கள் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தின் வாசலைத் தாண்டித்தான் போகிறார்கள். புதுக்கோட்டை அருங்காட்சியகத்தைப் பற்றி வெளியூர்க்காரர்கள் பேசிக் கேட்பதே அபூர்வம். ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் இந்த மூன்றில் எதற்குப் போவது?

என் ஓட்டு தஞ்சாவூருக்கு. 1951இல் அரண்மனை வளாகத்தில் தொடங்கப்பட்ட கலைக்கூடம் அது. கல் சிற்பங்களும் நிறைய உண்டு. நாயக்கர் கால தர்பார் மண்டபத்தில் இங்கிலாந்துச் சிற்பி பிளாக்ஸ்மன் செய்த இரண்டாம் சரபோஜியின் பளிங்குச் சிலை நிற்கிறது. ஆனால் நேரம் குறைவு என்றால் நேராகச் செப்புத் திருமேனிகளிடம் போய்விடுங்கள். அதிலும் திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகனர்.

ராஜராஜன் பெரிய கோயிலைக் கட்டி முடித்தது 1010. இந்தச் சிலை அதற்கு அடுத்த ஆண்டு, 1011. சிவன் ஒரு காலை மறுகாலுக்குக் குறுக்கே வைத்துக்கொண்டு, ஒரு கையை மடக்கி நீட்டி நிற்கிறார். அந்தக் கை சாய்ந்திருந்த காளை இப்போது இல்லை. வெறும் காற்றின் மேல்தான் கை ஓய்வெடுக்கிறது. இருந்தும் சிலை ஒரு பக்கமாகச் சரிவதுபோல் தோன்றவே இல்லை. நின்று பார்க்கப் பார்க்க, தோளிலிருந்து விரல் நுனி வரை அந்தக் கை தளர்ந்திருக்கும் விதத்திலேயே காளையின் உயரமும் திமிலும் நமக்குத் தெரிய ஆரம்பித்துவிடும். தலையில் முடியைத் தலைப்பாகை மாதிரி சுற்றி, அதற்குள் பாம்புகளைப் பின்னியிருக்கிறார்கள். முன்னால் நின்று பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். கண்ணாடியில் பிரதிபலிப்பு விழாத ஒரு கோணம் பிடித்து, பக்கவாட்டிலிருந்து இடுப்பின் வளைவையும் முதுகையும் பாருங்கள்.

இதைக் கோயிலில் பார்க்க முடியாது. அங்கே உற்சவருக்குப் பட்டு, மாலை, கவசம், சந்தனம் எல்லாம் சாத்தியிருப்பார்கள். நமக்குத் தெரிவது முகமும் கைகளும்தான். பக்தனுக்கு அது போதும், அதுதான் வேண்டும். ஆனால் மெழுகில் ஒரு உடலை வடித்து, அதன்மேல் வண்டல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றிய மனிதரின் கைவேலையை முழுசாகப் பார்க்கக் கலைக்கூடத்துக்குத்தான் வர வேண்டும். மண் கருவை உடைத்தால்தான் சிலை வெளியே வரும் என்பதால், ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு வார்ப்புதான். இதே திருவெண்காட்டைச் சேர்ந்த கல்யாணசுந்தரர் தொகுதியும் தஞ்சையில் இருக்கிறது. கைப்பிடிக்கும் நேரத்தில் உமையின் தலை லேசாகக் குனிந்திருக்கும், பாருங்கள். அந்தக் குனிவுக்காகவே நான் இரண்டாம் முறை போனேன். (அதே ஊர் அர்த்தநாரி எழும்பூரில் இருக்கிறார். இந்த மூன்றையும் ஒரே கூரையின் கீழ் பார்க்க எனக்கு ஆசை.)

மாலைக்குள் நேரம் மிச்சமிருந்தால் சுவாமிமலைக்கு ஒரு நடை போய்விட்டு வரலாம். இதே மெழுகு, இதே மண், இன்றும் ஸ்தபதிகள் பட்டறைகளில் வேலை செய்கிறார்கள். காலையில் சிலையையும் மாலையில் அது பிறக்கும் விதத்தையும் பார்க்கிற இந்த வசதியை மற்ற இரண்டு ஊர்களும் தராது.

சரி, சோழமண்டலம். பேரில் சோழர் இருந்தாலும் இது முழுக்க நம் காலத்துக் கதை. சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966இல் கடலோரத்தில் தொடங்கிய கிராமம். ஓவியம் விற்றுப் பிழைக்க முடியாத காலம் அது. பத்திக் துணி போன்ற கைவினைப் பொருட்களைச் செய்து விற்ற பணத்தில் நிலம் வாங்கி, அங்கேயே வீடு கட்டி, அங்கேயே வரைந்தார்கள். 2009 முதல் அவர்களுடைய படைப்புகளுக்கென்றே ஒரு அருங்காட்சியகமும் இருக்கிறது.

நவீன ஓவியம் நமக்குப் புரியாது என்று ஒதுங்குகிறவர்களை நான் முதலில் இங்கேதான் கூட்டிப்போவேன். பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையின் முன்னால் நிறுத்துவேன். எழுத்து மாதிரி இருக்கும், படிக்க வராது. ஜாதகக் கட்டம் மாதிரி இருக்கும், பலன் சொல்லாது. பாட்டி வீட்டுப் பரணில் கிடைத்த பழைய நோட்டைப் பிரித்துப் பார்ப்பது போன்ற பரிச்சயம் அதில் இருக்கிறது. அப்புறம் கே. ராமானுஜம். கறுப்பு மையில் மயிரிழைக் கோடுகளாக நெருக்கி நெருக்கி, மாட மாளிகைகளும் விநோதப் பிராணிகளுமாக ஒரு தனி உலகம்; அதற்குள் தொப்பி போட்ட ஒரு ஆள், அவரேதான். ரொம்ப இளம் வயதிலேயே, 1973இல், இறந்துபோனார். இன்னும் கொஞ்சம் பேசப்பட வேண்டியவர். சிற்பி ஜானகிராம் செப்புத் தகட்டைத் தட்டித் தட்டி எழுப்பிய உருவங்களைப் பார்த்தால், தஞ்சையில் பார்த்த உலோகம் வேறொரு வழியில் இங்கே வந்து சேர்ந்திருப்பது தெரியும்.

குழந்தைகளோடு போவதற்கும் மூன்றில் இதுதான் சிறந்தது. வெளியே மரத்தடியில் சிற்பங்கள், நடக்க இடம், அதட்டாமல் விடலாம். ஆனால் தஞ்சையில் ஒரே சிலை முன்னால் அரைமணி நேரம் நிற்க வைக்கிற வலிமை இங்கே எல்லாப் படைப்புக்கும் இல்லை. சிலவற்றைத் தாண்டி வந்துவிடுவோம்.

புதுக்கோட்டையைத் தனியாகப் பரிந்துரைக்க மாட்டேன். சமஸ்தான காலத்தில், 1910இல், தொடங்கியது, திருக்கோகர்ணத்தில் இருக்கிறது. பாடம் செய்த விலங்குகள், பாறைகள், நாணயங்கள், சமணச் சிற்பங்கள், செப்புத் திருமேனிகள் என்று எல்லாம் கலந்த சேகரிப்பு. கலைக்காக மட்டும் போகிறவருக்குக் கவனம் சிதறும். ஆனால் அங்கிருந்து சுமார் 16 கிலோமீட்டரில் சித்தன்னவாசல் இருக்கிறதே! இரண்டையும் சேர்த்தால் கணக்கு மாறிவிடும். 9ஆம் நூற்றாண்டில் தீட்டிய தாமரைக் குள ஓவியம் அங்குள்ள சமணக் குடைவரையின் விதானத்தில் இன்னும் இருக்கிறது. மீன், யானை, எருமை, பூப்பறிக்கும் ஆண்கள். நிறைய அழிந்துவிட்டது, மேலே பார்த்துக் கழுத்து வலிக்கும்வரை தேடினால்தான் இலைகளுக்கு நடுவே ஒவ்வொன்றாகப் பிடிபடும். முதலில் அருங்காட்சியகத்தில் சமணச் சிற்பங்களைப் பார்த்துவிட்டு மலைக்குப் போங்கள். அந்தத் தீர்த்தங்கரர்களைப் பார்த்த கண்ணுக்குக் குடைவரை இன்னும் தெளிவாகப் பேசும். அரசு அருங்காட்சியகங்களுக்கு வார விடுமுறை உண்டு, எந்த நாள் என்று விசாரித்துக்கொள்ள மட்டும் மறந்துவிடாதீர்கள்.

தஞ்சையிலிருந்து புதுக்கோட்டை ஏறக்குறைய 60 கிலோமீட்டர்தான். இரண்டு நாள் கிடைத்தால் முதல் நாள் ரிஷபவாகனர், மறுநாள் தாமரைக் குளம். சோழமண்டலத்தைச் சென்னைக்குத் திரும்பிய பிறகு ஒரு வார நாள் காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.