லொஃபோட்டன் ஸ்டாக்ஃபிஷ்: ஒருசந்திக் காலத்து மீனை இன்று வாங்கலாமா?

வட நார்வேயின் லொஃபோட்டன் தீவுகளில் உப்பே படாமல், வெறும் காற்றில் காய்ந்த காட் மீன்தான் ஸ்டாக்ஃபிஷ். உப்பில்லாக் கருவாடு என்றால் சட்டென்று புரியும். இறைச்சி விலக்கிய ஒருசந்தி நாட்களில், அதாவது கிறிஸ்தவ நோன்பு நாட்களில், இடைக்கால ஐரோப்பா உண்ட மீன் இது. இடைக்கால ஐரோப்பியச் சமையலைப் படிப்பதோடு நில்லாமல் அடுப்பிலும் ஏற்றிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இதைவிட நம்பகமான பொருள் கடைகளில் கிடைப்பது அரிது. அன்றைய கோதுமை வேறு, கோழி வேறு, கேரட்கூட வேறு. இந்த மீன் மட்டும் அதே கடலில் பிடிபட்டு, அதே கடற்காற்றில், மரச்சட்டங்களில் தொங்கியே இன்றும் காய்கிறது. முழு மீனாக வாங்கி, ஒரு வாரம் தண்ணீர் மாற்றப் பொறுமை உள்ளவர்கள் தயங்காமல் வாங்கலாம். மாலை வாங்கி மறுநாள் பரிமாற நினைப்பவர்களுக்கு இது சரிப்படாது.

நார்வேக்கு வடக்கே பேரன்ட்ஸ் கடலில் வாழும் காட், ஆண்டின் முதல் மாதங்களில் முட்டையிட லொஃபோட்டன் கரைக்கு வருகிறது. பிடித்ததும் தலையை வெட்டி, குடலை நீக்கி, இரண்டு மீன்களை வாலோடு வால் சேர்த்துக் கட்டி, பெரிய மரச்சட்டங்களில் தொங்கவிடுகிறார்கள். பிப்ரவரியில் ஏறும் மீன் மே வாக்கில் இறங்கும். அதன்பின் காற்றோட்டமுள்ள கிடங்கில் இன்னும் இரண்டு மூன்று மாதங்கள் பதப்படும். ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சை மீன் சுருங்கி ஒரு கிலோவாகிறது.

உப்பில்லாமல் இது சாத்தியமாவது அங்குள்ள தட்பவெப்பத்தால்தான். பருவம் முழுவதும் வெப்பநிலை சுழியத்தை ஒட்டியே நிற்கும். கடுங்குளிர் அடித்தால் தசைக்குள் பனித்துகள்கள் உருவாகி நார்களைக் கிழித்துவிடும். அப்படி அடிபட்ட மீன் எடை குறைந்து, துளைகள் விட்டு, ஊறும்போது கூழாகும். வெயில் சீக்கிரம் ஏறினாலோ ஈ முட்டையிடும். மழை தொடர்ந்தால் பூஞ்சை பிடிக்கும். தெற்கே பாரிஸிலோ கொலோனிலோ இந்த முறை செல்லாது. ஆகவே ஒரு கண்டமே தனக்கு வேண்டிய மீனைச் சில வடக்குத் தீவுகளிடமிருந்து வாங்கியாக வேண்டியிருந்தது. வட ஜெர்மனியின் பழைய வணிகத்தளமான ஹைத்தாபுவில் கிடைத்த காட் எலும்புகளின் மரபணுவை ஆராய்ந்து 2017இல் வெளியான முடிவு, வைக்கிங் காலத்திலேயே பேரன்ட்ஸ் கடல் காட் அங்கே வந்து சேர்ந்ததைக் காட்டியது. பிறகு வட ஜெர்மன் நகரங்களின் வணிகக் கூட்டமைப்பான ஹான்சாவின் வணிகர்கள் நார்வேயின் பெர்கன் துறைமுகத்தில் 1360 வாக்கில் நிலையான வணிக நிலையம் அமைத்தார்கள். இங்கிருந்து மீன் போனது, அங்கிருந்து தானியமும் மாவும் வந்தன.

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது லொஃபோட்டன் பெயர். 2014 முதல் 'டோர்ஃபிஸ்க் ஃப்ரா லொஃபோட்டன்' என்ற பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு உண்டு. அந்த முத்திரை இல்லாத கட்டுகளில் ஹேடாக், செய்த், லிங் போன்ற வேறு மீன்களும் இதே முறையில் காய்ந்தவையாக வரும். அவையும் உண்ணத் தகுந்தவைதான், சுவை வேறு. இத்தாலியச் சந்தைக்குப் போகும் தரப் பெயர்களில் 'ராக்னோ' உச்சம்: 60 சென்டிமீட்டருக்கு மேல் நீளம், ஒல்லியான உடல், குறையில்லாத தோல். தரப் பெயர் எதுவானாலும் கழுத்து வெட்டுக்குள் ஒருமுறை எட்டிப் பாருங்கள். அங்கே உறைந்த ரத்தமோ கரும்புள்ளியோ இருக்கக் கூடாது. நிறம் தந்தத்துக்கும் வைக்கோலுக்கும் இடையில் இருக்கட்டும். தட்டினால் கட்டை ஒலி வர வேண்டும். வாசம் தூக்கலாகத்தான் இருக்கும், அதில் புளிப்பு மட்டும் கலந்திருக்கக் கூடாது. ஒரே நீளமுள்ள இரண்டு மீன்களில் வழக்கத்துக்கு மாறாக இலேசாக இருப்பதைத் தவிர்த்துவிடுங்கள். அது பெரும்பாலும் பனி அடித்த மீன்.

உப்பிட்ட காட்டையும் இதையும் ஒன்றாக எண்ணி வாங்குவதுதான் பெரிய தவறு. உப்பிட்ட காட்டில் ஊறவைப்பது உப்பை வெளியேற்ற. இதில் ஊறவைப்பது தண்ணீரை உள்ளே கொண்டுசேர்க்க. இத்தாலியில் குழப்பம் இன்னும் கூடும். வெனிஸ் பகுதியில் 'பக்காலா' என்று கேட்டால் இந்த உப்பில்லா மீன் வரும். மற்ற ஊர்களில் அதே சொல்லுக்கு உப்பிட்ட மீன் வரும். அங்கே 'ஸ்டோக்காஃபிஸோ' என்று கேட்பது பாதுகாப்பு.

இத்தனை மீன் எதற்குத் தேவைப்பட்டது என்பதற்குத் திருச்சபையின் நாட்காட்டியில் விடை இருக்கிறது. வெள்ளிக்கிழமை எங்கும் சுத்தபோசனம், அதாவது இறைச்சி விலக்கு. பல இடங்களில் சனியும், சில இடங்களில் புதனும் அப்படியே. பெருவிழாக்களின் முந்தைய நாட்களும், ஆண்டுக்கு நான்கு முறை வரும் மும்மூன்று ஒருசந்தி நாட்களும் அதில் சேரும். எல்லாவற்றுக்கும் மேலாகச் சாம்பல் புதன் முதல் பாஸ்கா (ஈஸ்டர்) வரை தவக்காலம். கூட்டினால் ஆண்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறைச்சி கிடையாது. தவக்காலத்தில் பால், வெண்ணெய், பாலாடைக்கட்டி, முட்டையும் விலக்கு. ஒலிவ எண்ணெய் எளிதில் கிடைக்காத வடக்கே இது பெரும் சுமையாக இருந்தது. ரூவான் பேராலயத்தில் 1485இல் கட்டத் தொடங்கிய 'வெண்ணெய்க் கோபுரம்', தவக்காலத்தில் வெண்ணெய் உண்ண விலக்கு பெற மக்கள் செலுத்திய காசால் எழுந்தது என்பது மரபு. மடங்களில் கட்டுப்பாடு இன்னும் கடுமை. 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் வகுத்த ஒழுங்கு, மிகவும் நலிந்த நோயாளிகள் நீங்கலாக எவரும் நான்குகால் விலங்கின் இறைச்சி உண்ணலாகாது என்றது. வசதி உள்ளவர்கள் பைக் மீனும் ஸ்டர்ஜனும் பச்சையாக வாங்கினார்கள். கடலிலிருந்து தொலைவில் வாழ்ந்த எளியவர்களுக்கு உப்பிட்ட ஹெரிங்கும் இந்தக் கட்டை மீனும்தான் கதி.

சமைக்கும் முறைக்கு நல்ல சான்று, 1393 வாக்கில் பாரிஸில் ஒரு வயதான கணவர் தம் இளம் மனைவிக்காக எழுதிய இல்லறக் குறிப்புகள். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டுமானால் காட்டின் தலையை நீக்கி, நெருப்பிலோ புகையிலோ காட்டாமல் காற்றிலும் வெயிலிலும் உலர்த்த வேண்டும் என்கிறார். உண்ண வேண்டும்போது மரச் சுத்தியலால் ஒரு மணி நேரம் நன்றாக அடிப்பது, பிறகு வெதுவெதுப்பான நீரில் 12 மணி நேரமோ அதற்கு மேலோ ஊறவைப்பது, மாட்டிறைச்சியைப் போலவே வேகவைத்து நுரையை நன்றாக எடுப்பது, கடுகோடு அல்லது வெண்ணெயில் நனைத்து உண்பது, அவ்வளவுதான் முறை.

இதில் 12 மணி நேரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு அடிப்பதை விட்டுவிட்டால் எல்லாம் கெடும். அடிப்பது நார்களைப் பிரித்துத் தண்ணீருக்கு வழி திறக்கிறது; அது இல்லாமல் வெளிப்புறம் இளகி, நடுவே கட்டி அப்படியே நிற்கும். மரச் சுத்தியல்தான் வேண்டும், இரும்புச் சுத்தியல் நாரை நசுக்கித் தூளாக்கிவிடும். மீனைத் தடித்த துணியில் சுற்றி, கல் தரையிலோ தடிமனான மரக்கட்டையிலோ வைத்து, வாலிலிருந்து கழுத்து நோக்கித் திருப்பித் திருப்பி அடியுங்கள். வளைத்தால் மடங்கும் அளவுக்கு இளகினால் போதும்.

ஊறவைப்பதில் பழைய குறிப்பிலிருந்து விலகுவது நல்லது. வெதுவெதுப்பான நீரில் மீன் சீக்கிரம் ஊறும், அதே வேகத்தில் கிருமியும் பெருகும். நீர் கொழகொழப்பாகிப் புளித்த வாடை வரும். குளிர்பெட்டியில், 4 முதல் 6 டிகிரிக்குள் வைத்து ஊறவைப்பதே பாதுகாப்பு. ஒரு கிலோ உலர்மீனுக்கு எட்டு முதல் பத்து லிட்டர் நீர். அடித்த மீனுக்கு இரண்டு மூன்று நாட்கள், நாளைக்கு மூன்று நான்கு முறை நீர் மாற்றம். அடிக்காத முழு மீனுக்கு ஐந்து முதல் ஏழு நாட்கள், குறைந்தது காலையும் மாலையும் நீர் மாற்றம். பாத்திரம் கொள்ளவில்லை என்றால் முதலில் ரம்பத்தால் மூன்று துண்டாக அறுத்துக்கொள்ளலாம். வால் துண்டு மற்றவற்றுக்கு ஒரு நாள் முன்பே தயாராகிவிடும், அதைத் தனியே எடுத்துவிடுங்கள். எல்லாம் சேர்ந்து முடியட்டும் என்று காத்திருந்தால் வால் பஞ்சாகும். தடித்த இடத்தில் ஒரு கம்பியைச் செருகிப் பாருங்கள். தடையில்லாமல் இறங்கினால் ஊறல் முடிந்தது. மீன் ஏறத்தாழ இரண்டு மடங்கு எடை ஏறியிருக்கும். விலையை ஒப்பிடும்போது இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வீட்டில் வாடை வருமா என்றால், வரும். மூடி இறுக்கமான பாத்திரம் இல்லாமல் தொடங்காதீர்கள்.

முள்ளும் செதிலும் நீக்குவது ஊறிய பிறகுதான். தோலை உரிக்காமல் அப்படியே விட்டுவிடுங்கள், சாற்றுக்குக் கெட்டித்தன்மை தருவது அதுவே. குளிர்ந்த நீரில் போட்டு மெல்லச் சூடேற்றி, கொதி வருவதற்குச் சற்றுக் கீழே அரை மணி முதல் முக்கால் மணி வரை வைத்தால் போதும். முதல் பத்து நிமிடத்தில் எழும் சாம்பல்நிற நுரையை விடாமல் எடுக்க வேண்டும், கசப்பு அதில்தான். தளதளவென்று கொதிக்கவிட்டால் தசை இறுகி ரப்பராகும். உப்பைக் கடைசியில் சேருங்கள்.

கடுகைத் தள்ளிவிட்டால் இந்த உணவே பாதிதான். அன்றைய மருத்துவம் உடலைக் குருதி, கபம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்ற நான்கு நீர்களின் சமநிலையாகப் பார்த்தது. மீன் குளிர்ச்சியும் ஈரமும் உடையது, கபத்தைப் பெருக்கும். சூடும் வறட்சியும் உடைய கடுகு, இஞ்சி, மிளகு அதைத் திருத்தும் என்பது கணக்கு. காய்ந்தும் பழையதுமான உணவு கரும்பித்தத்தை ஏற்றும் என்ற அச்சமும் உண்டு. ஆகவே இந்த மீனுக்குக் கடுகுச் சாறு மருந்தின் இடத்தில் நின்றது. நாவுக்கும் அது பொருந்துகிறது என்பதுதான் அழகு: கொழுப்பே இல்லாத, அழுத்தமான வாசமுள்ள இந்தத் தசைக்குக் கடுகின் காரம் ஈடுகொடுக்கிறது. 50 கிராம் பழுப்புக் கடுகை 120 மில்லி ஒயின் வினிகரில் ஓர் இரவு ஊறவைத்து அரையுங்கள். அரைத்த உடனே கசக்கும், ஒரு நாள் விடுங்கள். வினிகரைச் சூடாக்க வேண்டாம். காரத்தை உண்டாக்கும் நொதி சூட்டில் அழிந்துவிடும். இனிப்புச் சேர்த்த மஞ்சள் கடுகு விழுது இதற்கு ஆகாது.

தவக்காலத்துக்கு உரிய இன்னொரு வழி பாதாம் பால். தோல் நீக்கிய 200 கிராம் பாதாமை 700 மில்லி வெந்நீர் விட்டு அரைத்துத் துணியில் பிழியுங்கள். ஒலிவ எண்ணெயில் வதக்கிய வெங்காயம், ஒரு தேக்கரண்டி சுக்குத்தூள், சிறிது குங்குமப்பூ சேர்த்து, வெந்த மீன் அரை கிலோவை அதில் பத்து நிமிடம் சிறுதீயில் வையுங்கள். வினிகரோ எலுமிச்சையோ பட்டால் பால் திரிந்துவிடும். அதனால் இதற்கும் கடுகுக்கும் ஒரே தட்டில் இடம் கொடுக்க வேண்டாம்.

இந்த மீன் என்றதும் பலர் தேடிப் போவது இத்தாலியின் விச்சென்ஸா நகரத்து முறை. வெனிஸ் வணிகர் பியெத்ரோ குவெரீனி கப்பல் சிதைந்து 1432 ஜனவரியில் லொஃபோட்டனின் ரோஸ்ட் தீவில் ஒதுங்கினார். அங்குள்ளவர்கள் கட்டையாகக் காய்ந்த மீனை அடித்து, வெண்ணெயும் மசாலாவும் சேர்த்து உண்பதை எழுதிவைத்தார். இன்றைய விச்சென்ஸா முறையில் ஒரு கிலோ மீனுக்கு அரை கிலோ வெங்காயம், ஒரு லிட்டர் ஒலிவ எண்ணெய், அரை லிட்டர் பால், துருவிய பாலாடைக்கட்டி 50 கிராம். நாலரை மணி நேரம் கிளறாமல், சட்டியை மட்டும் அவ்வப்போது அசைத்து வேகவைக்கிறார்கள். கிளறினால் மீன் சிதறிவிடும். சுவையில் உச்சம் இதுதான், சந்தேகமில்லை. ஆனால் பாலும் பாலாடைக்கட்டியும் இருப்பதால் இடைக்காலத் தவக்கால மேசைக்கு இது ஏறியிருக்காது. அந்தக் காலத்து உணவு என்று சொல்லிப் பரிமாறுவதானால் மேலே சொன்ன இரண்டில் ஒன்றைச் செய்யுங்கள்.

முதல்முறை சமைப்பவர்களுக்கு, அடித்து ஊறவைத்தே விற்கும் துண்டுகள் போதும். எடையில் பெரும்பகுதி தண்ணீர்தான் என்றாலும் மீனைக் கெடுக்கும் வாய்ப்பு குறைவு. நொறுக்குத் தீனியாக வரும் கீற்றுகள் இந்தச் சமையலுக்கு உதவாது. சாம்பல் கரைசல் போன்ற காரநீரில் ஊறவைத்த லூட்டஃபிஸ்க்கும் வேண்டாம். அதைப் பற்றி 1555இல் ஸ்வீடன் நாட்டு எழுத்தாளர் ஓலவுஸ் மாக்னுஸ் எழுதியிருக்கிறார், அதன் வழவழப்பு வேறு வகை உணவுக்கு உரியது. முழு மீனை உலர்ந்த, காற்றோட்டமுள்ள இடத்தில் தொங்கவிட்டால் ஆண்டுக்கணக்கில் நிற்கும். பிளாஸ்டிக் உறையில் மூடினால் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். ஊறிய மீனை இரண்டு நாட்களுக்குள் சமைத்துவிட வேண்டும், முடியாவிட்டால் நீரை ஒற்றியெடுத்து உறையவைக்கலாம். வெந்த நீரைக் கொட்டிவிடாதீர்கள்: கெட்டிச் சாறு அது, பட்டாணியோ அவரைப்பருப்போ வேகவைக்க அதைவிட நல்லது கிடைக்காது.