நிறம் போனால் மாசும் போய்விடுமா? டைட்டானியம் டை ஆக்சைடு வினைகலனுடன் நெடுநாள் அனுபவம்

சாயம், மருந்து எச்சம், பூச்சிக்கொல்லி ஆகியவை கலந்த நீரை ஒளிவினையூக்க முறையில் (ஒளி பட்டால் செயல்படும் வினையூக்கியைக் கொண்டு மாசைச் சிதைக்கும் முறை) சுத்திகரிக்கும் சிறிய வினைகலன் ஒன்றை எங்கள் ஆய்வகத்தில் பல ஆண்டுகளாக இயக்கி வருகிறோம். தொடக்கத்தில் வினையூக்கியான டைட்டானியம் டை ஆக்சைடைத் தூளாகவே நீரில் கலக்கினோம். பின்னர் அதையே கண்ணாடிக் குழாய்களில் பூச்சாகப் படியவைத்தோம். இம்முறையை அமைக்க விரும்புவோர் பெரும்பாலும் கேட்பது, எத்தனை நேரத்தில் நிறம் மறையும் என்பதுதான். நிறத்தை மட்டும் நம்பி இம்முறையை மதிப்பிடக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

அனட்டேஸ் எனும் படிக வகை டைட்டானியம் டை ஆக்சைடின் ஆற்றல் இடைவெளி (எலக்ட்ரானைத் தூண்டி விடுவிக்கத் தேவையான ஆற்றல்) ஏறத்தாழ 3.2 எலக்ட்ரான் வோல்ட். ஆகவே சுமார் 387 நானோமீட்டருக்கும் குறைந்த அலைநீளமுள்ள ஒளிதான் அதைத் தூண்டும். அந்த ஒளி பட்டதும் உருவாகும் எலக்ட்ரான்களும் துளைகளும் (எலக்ட்ரான் நீங்கிய நேர்மின் இடங்கள்) பரப்பை அடைந்தால், நீரிலிருந்தும் கரைந்த ஆக்சிஜனிலிருந்தும் ஹைட்ராக்சில் உள்ளிட்ட வீரியமிக்க தனி உறுப்புகள் (இணையாத எலக்ட்ரானுடன் எளிதில் வினைபுரியும் துகள்கள்) பிறந்து கரிமச் சேர்மங்களைத் தாக்குகின்றன. ஆனால் உருவாகும் எலக்ட்ரான்-துளை இணைகளில் பெரும்பகுதி பரப்பை அடையும் முன்பே மீண்டும் சேர்ந்து வெப்பமாக வீணாகிவிடுகிறது. மின்கட்டணம் உயர்வதற்கு முதன்மைக் காரணம் இதுவே. சூரிய ஒளியை நம்பலாம் என்றாலும், தரையை அடையும் ஒளியாற்றலில் புற ஊதாக் கதிரின் பங்கு ஏறத்தாழ 5 விழுக்காடுதான்.

நிறத்தைப் பற்றிச் சொன்னதற்கு மெத்திலீன் நீலம் என்ற சாயமே நல்ல சான்று. காற்று செலுத்தாமல் மூடிய கலனில் ஒளியூட்டினால் நீலம் மங்கி நீர் தெளிந்துவிடும். அந்த நீரைத் தூள் நீங்குமாறு வடிகட்டி, சோதனைக் குழாயில் திறந்து வைத்தால், காற்றைத் தொடும் மேல் விளிம்பில் முதலில் மெல்லிய நீல வளையம் தோன்றும். பின்னர் அது கீழ்நோக்கிப் பரவும். சாயம் சிதையவே இல்லை. ஆக்சிஜன் இல்லாத நிலையில் ஒடுக்கமடைந்து (எலக்ட்ரான்களைப் பெற்று) நிறமற்ற வடிவத்துக்கு மாறியிருந்தது, அவ்வளவுதான். காற்றைத் தொடர்ந்து செலுத்தி உண்மையாகவே சிதைத்த போதும், நிறம் முற்றிலும் மறைந்த பிறகும் மொத்தக் கரிமக் கார்பன் அளவு (நீரிலுள்ள கரிமச் சேர்மங்கள் அனைத்திலும் உள்ள கார்பன்) மெதுவாகவே இறங்குகிறது. சாய மூலக்கூறின் வளையங்கள் உடைந்து, அசெட்டிக் அமிலம், ஃபார்மிக் அமிலம் போன்ற சிறு அமிலங்களைக் கடந்துதான் கார்பன் டை ஆக்சைடு நிலையை எட்ட முடியும். இடையில் தோன்றும் சில விளைபொருள்கள் மூலப்பொருளைவிட நச்சு மிக்கவையாகவும் இருக்கக்கூடும். அதனால் கார்பன் அளவீடு இல்லாத எந்த அறிக்கையையும் நான் ஏற்பதில்லை.

கண்ணுறு ஒளியிலேயே வேலை செய்வதாகச் சொல்லப்படும் புதிய வினையூக்கிகளைச் சாயத்தைக் கொண்டு மட்டும் சோதிப்பதும் சரியல்ல. சாயமே ஒளியை உறிஞ்சி வினையூக்கிக்கு எலக்ட்ரானைக் கொடுத்துத் தானே சிதைந்துகொள்ள முடியும். பாராட்டு மட்டும் வினையூக்கிக்குப் போய்விடும். ஃபீனால் போன்ற நிறமற்ற பொருளைச் சிதைத்துக் காட்டட்டும், பிறகு பேசலாம்.

அடுத்து நீரின் தன்மை. காய்ச்சி வடித்த நீரில் கிடைத்த வேகம் நிலத்தடி நீரில் கிடைக்கவில்லை. பைகார்பனேட் அயனிகளும் இயற்கைக் கரிமப் பொருள்களும் ஹைட்ராக்சில் தனி உறுப்புகளை மாசுக்கு முன்பாகவே விழுங்கிவிடுகின்றன. பி.எச். அளவும் முக்கியம். ஏறத்தாழ 6-க்கு மேல் டைட்டானியம் டை ஆக்சைடின் பரப்பு எதிர்மின்சுமை பெறுவதால் மெத்திலீன் நீலம் போன்ற நேர்மின் சாயங்கள் எளிதில் ஒட்டுகின்றன; எதிர்மின் சாயங்கள் விலகி நிற்கின்றன. ஒளியூட்டுவதற்கு முன் கலவையை இருளில் சிறிது நேரம் கலக்கி, ஒட்டிக்கொண்ட அளவைத் தனியே கழித்தால்தான் சிதைவின் உண்மையான அளவு தெரியும்.

தூள் முறையின் வேகத்தைப் பூச்சால் எட்ட முடியாது. ஆனால் பி25 (கடைகளில் கிடைக்கும் ஒரு டைட்டானியம் டை ஆக்சைடு வகை) போன்ற தூளின் துகள்கள் சுமார் 20 நானோமீட்டர் அளவே உள்ளவை. பால்போல் வெளுத்த அந்தக் கலவை தானாகத் தெளிவதில்லை, வடிப்பான்களும் விரைவில் அடைத்துக்கொள்கின்றன. தூளை அளவுக்கு மீறிச் சேர்த்தால் ஒளி உட்புகாமல் வேகமும் குறைகிறது. பூச்சிலோ வேறு தொல்லை: கடினநீரில் சுண்ணாம்புப் படிவு பரப்பை மூடிவிடுவதால், நீர்த்த அமிலத்தால் அவ்வப்போது கழுவ வேண்டும். தினமும் இயக்குவோருக்கு அந்தக் கழுவும் வேலை, தூளைப் பிரிக்கும் போராட்டத்தைவிட எவ்வளவோ எளிது. விளக்கைப் பொறுத்தவரை 365 நானோமீட்டர் எல்.ஈ.டி. எங்களுக்கு மனநிறைவளித்தது: சூடேறக் காத்திருக்க வேண்டியதில்லை, பாதரசம் இல்லை, போரோசிலிகேட் கண்ணாடியே போதும். 254 நானோமீட்டர் பாதரச விளக்கென்றால் குவார்ட்ஸ் உறை தேவை.

கரிமச் சுமை மிகுந்த கழிவுநீரை நேரடியாக இதில் விடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உயிரியல் சுத்திகரிப்பும் வடிகட்டலும் முடிந்து, நுண்ணுயிரிகளால் சிதைக்க முடியாத மருந்து எச்சங்கள் மிகக் குறைந்த செறிவில் எஞ்சியிருக்கும் தெளிந்த நீருக்கே இது பொருத்தமானது. எங்கள் கலனையும் இப்போது அந்தக் கடைசிக் கட்டத்தில்தான், பூச்சிட்ட குழாய்களுடனும் தொடர்ந்த காற்றோட்டத்துடனும் இயக்குகிறோம். கார்பன் அளவு இறங்குவது தளரும்போது குழாய்களைக் கழுவுகிறோம், கழுவியும் தேறாவிட்டால் பூச்சைப் புதுப்பிக்கிறோம்.