நோட்லிஸ்ட்டோடு ஆறு வருடம்

கணினிகள் தங்களுக்குள் அஞ்சல் பரிமாறிக்கொள்ளும் தன்னார்வ வலையமைப்பான ஃபிடோநெட்டில் ஆறு வருடமாக ஒரு நோட் (அதன் ஒரு நிலையம்) நடத்துகிறேன். அஞ்சல் பரிமாற பிங்க்டி, வந்ததைப் பிரித்து அடுக்க ஹஸ்கி, எல்லா நோட்களின் முகவரிப் பட்டியலான நோட்லிஸ்ட்டைக் கவனிக்க ஹஸ்கியோடு சேர்ந்த என்எல்டூல்ஸ். மற்றவை ஒருமுறை அமைத்தபின் அதிகம் தொந்தரவு தரவில்லை. அஞ்சல் ஏன் போகவில்லை என்று தேடிய இரவுகளில் பாதிக்கு மேல் நோட்லிஸ்ட்டில்தான் போய் நின்றிருக்கிறது.

பட்டியல் வெள்ளிக்கிழமைத் தேதியோடு வாராவாரம் வரும். கோப்பின் பின்னொட்டு, அது ஆண்டின் எத்தனையாவது நாள் என்ற எண். நான் முதலில் விழுந்த குழி இதுதான். பிங்க்டி நோட்லிஸ்ட்டை நேராகப் படிக்காது என்பதால், அதிலிருந்து பிங்க்டிக்கு வேண்டிய நோட் வரிகளை உருவாக்க ஒரு ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறேன். எண் பெரிதாக இருப்பதே புதிய பட்டியல் என்று அதில் எழுதிவிட்டேன். 2024 டிசம்பர் 27 பட்டியல் 362. அடுத்தது, 2025 ஜனவரி 3, வெறும் 003. ஸ்கிரிப்ட் 362-ஐப் பிடித்துக்கொண்டு நகரவே இல்லை. இப்போது முதல் வரியில் இருக்கும் தேதியைப் படித்தே முடிவெடுக்கிறது.

போன வாரப் பட்டியலிலிருந்து மாறியதை மட்டும் தரும் வாராந்தர நோட்-டிஃப் கோப்பு அழகான ஏற்பாடு. இத்தனை வரியைச் சேர், நகலெடு, நீக்கு என்பதற்கு ஏ, சி, டி என்ற மூன்றே கட்டளைகள். ஆனால் அதன் முதல் வரி போன வாரப் பட்டியலின் முதல் வரியோடு பொருந்த வேண்டும். ஒரு வாரம் தவறினால் அதற்குப் பிறகு வரும் எதுவும் ஒட்டாது. ஆகவே ஹஸ்கி அமைப்பில் டிஃப்அப்டேட்டோடு, முழுப் பட்டியலுக்கான ஃபுல்அப்டேட் வரியையும் கட்டாயம் எழுதுங்கள். முழுப் பட்டியல் கிடைத்ததும் சங்கிலி மறுபடி சேர்ந்துவிடும். சுருக்கப்பட்ட கோப்பின் பெயரில் நாள் எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள்தான் இருக்கும். 105, 205 இரண்டுமே 05 ஆகிவிடுவதால் வேலை முடிந்ததும் பழையதை அழித்துவிடுகிறேன்.

கோப்பு சிதையாமல் இருக்கிறதா என்று பார்க்கும் சிஆர்சி சோதனையை யாரும் அணைத்து வைக்காதீர்கள். நோட் வரியில் முழு முகவரி கிடையாது, அதன் எண் மட்டும்தான். எந்த நெட் (நோட்களின் குழு) என்பது மேலே உள்ள ஹோஸ்ட் வரியை, அதாவது அந்தக் குழுவின் தலைமை நோட்டின் வரியைப் பொறுத்தது. அந்த ஒரு வரி தொலைந்தால் கீழே உள்ள அத்தனை பேரும் முந்தைய நெட்டுக்குக் குடிபோய்விடுவார்கள், அஞ்சலும் அங்கேதான் போகும். லினக்ஸில் இருப்பவர்களுக்கு இன்னொன்று: பட்டியலின் வரிகள் டாஸ் முறையில் சிஆர், எல்எஃப் என்ற வரிமுடிவுக் குறிகள் இரண்டோடும் முடியும். சிஆரை நீக்கிச் சேமித்தால் சிஆர்சி பொருந்தாது. மூலக் கோப்பைத் தொடாமல் நகலில் மட்டும் திருத்துங்கள்.

இன்னும் முழுதாகத் தீராதது இணைய முகவரி விஷயம். நோட் வரியில் இணைய முகவரிக்கென்றே உள்ள ஐஎன்ஏ கொடியில் பெயர் இருந்தால் சுலபம். சிலர் பிங்க்டி வகை இணைப்பைக் குறிக்கும் ஐபிஎன் கொடியிலேயே எழுதுகிறார்கள், சிலர் நோட்டின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில். ஸ்கிரிப்ட் இந்த வரிசையிலேயே தேடுகிறது. போர்ட் எண் தனியாக இல்லையென்றால் 24554. எங்கும் கிடைக்காத நோட்டுக்கு நேரடியாக முயலாமல் அதன் ஹோஸ்ட் வழியாக அனுப்பிவிடுகிறேன்.