கூகுள் குடும்பக் குழு: கூடப் பிறந்தவர்களுக்கும் கூட இருப்பவர்களுக்கும்

ஊரை விட்டு வெகுதூரம் வந்து வேலை பார்க்கும் அக்கா தம்பிகள், அண்ணன் தங்கைகள் எல்லாருக்கும் கூகுளின் குடும்பக் குழு வசதியை நான் தாராளமாகச் சிபாரிசு செய்வேன். சில பேரின் கூகுள் கணக்குகளை ஒரு குழுவாகச் சேர்த்து, காலண்டர், குறிப்புகள் போன்றவற்றைப் பொதுவாக வைத்துக்கொள்ளும் வசதி இது. அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று இருக்கும் வீட்டை நினைத்து உருவாக்கியது போலத்தான் முதலில் தெரியும். ஆனால் ரத்த சொந்தமா என்று அது யாரையும் கேட்பதில்லை. தொடங்குபவரோடு சேர்த்து ஆறு பேர் வரை இருக்கலாம். எல்லாரும் ஒரே நாட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் பெற்றோர் வேறு நாட்டில் இருப்பதால், அந்த விதிப்படி அவர்களைச் சேர்க்க முடியவில்லை. இங்கே இருந்தது நானும் தம்பியும் மட்டும். ஆளுக்கொரு விடுதியில் படித்து வளர்ந்ததால், எங்களுக்குள் பேச்சு என்பதே நலம் விசாரிப்பதோடு சரி. அப்புறம் அவனுடைய அறைத்தோழனும், அந்தப் பையனின் அக்காவும் வந்து சேர்ந்தார்கள். அவர்களும் எங்களைப் போலவே இந்த ஊரில் வேறு யாரும் இல்லாதவர்கள்.

குழு தொடங்கியதும் எல்லாருக்கும் பொதுவாக ஒரு காலண்டர் தானாகவே வந்துவிடும். யார் வேண்டுமானாலும் அதில் எழுதலாம், திருத்தலாம். முதலில் நைட் ஷிப்ட், வாடகை தேதி என்று ஒப்புக்குத்தான் எழுதினோம். அந்த அக்காவுக்கு ஆபரேஷன் நடந்த வாரத்தில்தான் அதன் அருமை புரிந்தது. ஆஸ்பத்திரியில் யார் எந்த நேரம் இருப்பது என்று தம்பி பிரித்துப் போட்டுவிட்டான்: காலையில் அவன், மதியம் நான், ராத்திரி அவருடைய தம்பி. ஒரு நாள் மீட்டிங்கில் மாட்டிக்கொண்டேன். போனை எடுத்துப் பார்த்தால் என் நேரத்தில் அந்தப் பையனின் பெயர் இருந்தது. கீழே குறிப்பு: "அக்கா, நான் பாத்துக்கறேன். நீங்க முடிச்சுட்டு மெதுவா வாங்க. சார்ஜர் மட்டும் எடுத்துட்டு வாங்க." யாரும் யாரிடமும் கெஞ்சிக் கேட்க வேண்டியிருக்கவில்லை. தயங்கித் தயங்கியே உதவி கேட்கும் எங்களுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று தனியாக இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

குறிப்பு எழுதி வைக்கும் ஆப்பான கூகுள் கீப்பில் ஒரு குறிப்பை மொத்தக் குழுவுக்கும் ஒரே தடவையில் பகிரலாம். வீட்டுக்கு வாங்க வேண்டிய பட்டியலை அதில்தான் வைத்திருக்கிறோம். கடையில் நிற்பவர் டிக் அடித்தால் எல்லார் போனிலும் தெரிந்துவிடும். ஒரே பொருளை இரண்டு பேர் வாங்கி வருவது குறைந்திருக்கிறது.

போட்டோ, மெயில், கோப்புகளுக்குக் கூடுதல் சேமிப்பு இடம் தரும் கூகுள் ஒன் சந்தா எடுத்தால், அந்த இடத்தையும் பகிரலாம். ஒவ்வொருவருக்கும் இலவசமாக உள்ள 15 ஜிபி தீர்ந்த பிறகுதான் பொது இடம் செலவாகும். ஒருவர் போட்டோக்களை மற்றவர் பார்க்க முடியாது.

பணத்தில் மட்டும் கவனமாக இருங்கள். பிளே ஸ்டோரில் குடும்பத்துக்கு என்று பொதுவாக ஒரு கார்டு வைத்தால், அதில் யார் எது வாங்கினாலும் பொறுப்பு குழுவைத் தொடங்கியவருடையது. சம்பாதிக்கும் பெரியவர்கள் ஆளுக்கொரு கார்டு வைத்துக்கொள்வதே நல்லது. ஆப்புக்குள் வாங்கும் கூடுதல் வசதிகளைப் பகிர முடியாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, ஒரு நேரத்தில் ஒரே ஒரு குழுவில்தான் இருக்க முடியும். வேறு குழுவுக்கு மாறுவதும் 12 மாதங்களுக்கு ஒரு முறைதான். அதனால் ஏற்கெனவே வேறு குழுவில் இருப்பவரை அழைக்கும் முன், அங்கே என்னென்ன பகிர்கிறார் என்று கேட்டுவிட்டு அழையுங்கள்.