தொப்பூர் ஏற்றமும் என்ஜின் சூடும்: கடை மீட்டரா, கையால் செய்த அலாரமா?

சேலத்தில் ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு தருமபுரி திரும்பும் லாரிக்குத் தொப்பூர் கணவாய்தான் சோதனை. இறங்கும் வண்டிக்குப் பிரேக் கவலை. ஏறும் வண்டிக்கு என்ஜின் சூடு. எங்கள் லாரி பழையது, டீசல் பம்ப் மெக்கானிக்கல். கம்ப்யூட்டரே இல்லாத வண்டியில், அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து என்ஜின் விவரங்களைப் படிக்கும் ஓபிடி கருவியைச் செருக இடமேது?

கடையில் விற்கும் வெப்ப மீட்டர் முரட்டுப் பொருள். அதிர்வையும் தூசியையும் தாங்கும். எலக்ட்ரீசியன் அரை நாளில் பொருத்திவிடுவார். கெட்டால் கிருஷ்ணகிரியிலேயே வேறு வாங்கலாம். ஆனால் அது அளப்பது தண்ணீரின் சூட்டை. போன கோடையில் பாதி ஏற்றத்தில் ரேடியேட்டர் ஹோஸ் வெடித்துத் தண்ணீர் முழுவதும் கொட்டிவிட்டது. சென்சார் வெற்றிடத்தில் நின்றதால் முள் ஏறவே இல்லை. "முள் நடுவில்தானே நிற்கிறது, அண்ணா" என்று ஓட்டுநர் தம்பி காட்டினான். அதற்குள் என்ஜினின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் போய்விட்டது.

அதனால்தான் ஹெட் போல்ட்டின் அடியில் சென்சாரை இறுக்கி, உலோகத்தின் சூட்டையே அளக்கும் அலாரத்தை நானே செய்தேன். ஆர்டுயினோ என்ற சின்னக் கம்ப்யூட்டர் போர்டு, சூட்டை உணரும் தெர்மிஸ்டர், ஒலி எழுப்பும் பஸ்ஸர், பெரிய செலவில்லை. சென்சாரைக் கொதிக்கும் தண்ணீரில் வைத்துச் சரிபார்த்தேன். தருமபுரி மேட்டுநிலம் என்பதால் இங்கே தண்ணீர் 98 டிகிரிச் சுமாருக்கே கொதித்துவிடும். 100 என்று கணக்கிட்டால் அளவு பிசகும்.

முதல் போர்டு நான்கே நாளில் கருகியது. 24 வோல்ட் லாரியில் டைனமோ ஓடும்போது 28 வோல்ட் வரை நிற்கும். பேட்டரி இணைப்பு ஒரு கணம் விட்டுப்போனால் 100 வோல்ட்டையும் தாண்டி எகிறக்கூடும். போர்டுக்காக வோல்ட்டைக் குறைக்க நான் போட்டிருந்த எல்எம்2596 மாட்யூல் தாங்குவது 40 வோல்ட்தான். பேட்டரி முனையைத் தொட்டுப் பார்த்தேன். நட்டு விரலுக்கே சுழன்றது.

இப்போது மின்சாரம் தரும் பகுதியை மட்டும் வாகனங்களுக்கென்றே பாதுகாப்போடு செய்த கன்வெர்ட்டராக வாங்கிவிட்டேன். ஆயில் பிரஷர் மீட்டரும் கடைச் சரக்குதான். அதில் கைவைக்க எந்தத் தேவையும் இல்லை. சால்டரிங் பழக்கம் இல்லாதவர்கள் அலாரத்தையும் வாங்குவதே நல்லது, ஆனால் அது தண்ணீரை அளக்கிறதா, உலோகத்தை அளக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

முழுப் பாரத்தோடு இரண்டு முறை கணவாய் ஏறி, எட்டிய உச்சச் சூட்டுக்கு 10 டிகிரி மேலே அலாரத்தை வைத்திருக்கிறேன். வயரிங் படத்தை லேமினேட் செய்து ஓட்டுநர் கதவின் உட்புறம் ஒட்டியாயிற்று. நடுவழியில் நின்றால் எந்த எலக்ட்ரீசியனும் அதைப் பார்த்தே வேலையைத் தொடங்கலாம்.