மாடுலர் கிச்சன் ரிவ்யூ: எழுதி குடுத்தது மரைன் ப்ளை, மாட்ட வந்தது வேற (5க்கு 2 ஸ்டார்)

கோயம்புத்தூர்ல ஒரு இன்டீரியர் ஷோரூம்ல கிச்சன் வேலை குடுத்தோம், மூணு லட்சத்துக்கு கொஞ்சம் மேல ஆச்சு. கடைசில சரி பண்ணி குடுத்துட்டதால பேர் போடல. ஆனா நடந்தத எழுதியே ஆகணும், ஏன்னா இந்த மாதிரி ஆனா என்ன பண்றதுன்னு தெரியாம நிறைய பேர் மீதி பணத்தையும் குடுத்துட்டு மனசுக்குள்ளயே புழுங்கிட்டு இருக்காங்க.

டிசைன், அளவெடுத்தது எல்லாம் அருமைங்க. அக்ரிமெண்ட்ல பாக்ஸ் (கப்போர்டோட கூடு) எல்லாமே ஐஎஸ் 710 மரைன் ப்ளைன்னு டைப் பண்ணி சைன் போட்டு குடுத்தாங்க, அது தண்ணி தாங்கற ப்ளைவுட், 710ங்கறது அதோட இந்திய தர நம்பர். மாட்டறப்ப சிங்க் கீழ பைப் போக ஓட்டை போட்டாங்க, ப்ளைவுட்னா அந்த வெட்டுல அடுக்கடுக்கா லேயர் தெரியணும், இங்க ஒண்ணுமே இல்ல, நகத்தால சுரண்டுனா ரவை மாதிரி உதிருது. பார்ட்டிகிள் போர்டு, அதாவது மரத்தூள பசை போட்டு அமுக்குன பலகை, அதுவும் தண்ணி புழங்கற இடத்துல. மாட்ட வந்த பையன் "அக்கா, ஆபீஸ்ல குடுத்தததான் நாங்க மாட்டறோம்"னான், பாவம் அவன்கிட்ட சண்டை போட்டு என்ன ஆகப்போகுது. ஓனருக்கு போன் போட்டா "எல்லாருக்கும் இதுதான் மேடம் போடறோம், ஒண்ணும் ஆகாது"ன்னாரு.

அன்னைக்கே வேலைய நிறுத்த சொல்லிட்டேன். வெட்டுன இடம், டெலிவரி சலான், அக்ரிமெண்ட்ல அந்த வரி எல்லாத்தையும் போட்டோ எடுத்து வாட்ஸப்லயும் மெயில்லயும் அனுப்பி "இத நான் ஏத்துக்கல, எழுதுனபடி மாத்தி குடுங்க"ன்னு தேதி போட்டு எழுதுனேன். போன்ல எவ்வளவு கத்துனாலும் நாளைக்கு அதுக்கு சாட்சி கிடையாதுங்க.

அடுத்தது லேட். சொன்ன தேதி தாண்டி போயிட்டே இருந்துச்சு. இங்கதான் ஒரு முக்கியமான விஷயம், 1872 காண்ட்ராக்ட் சட்டம் 55வது பிரிவுல இருக்கு: தேதிக்குள்ள முடிக்கறது முக்கியம்னு பேசின வேலைய அவங்க லேட்டா முடிச்சு குடுக்கறப்ப வாயத் திறக்காம வாங்கிட்டா, அந்த லேட்டுக்கு நஷ்டஈடு அப்புறமா கேக்க முடியாது, வாங்கறப்பவே "நஷ்டஈடு கேப்பேன்"னு சொல்லிடணும். அதையும் மெயில்ல போட்டுட்டேன். 73வது பிரிவு படி, அவங்க மீறினதால வந்த நஷ்டத்த கேக்கலாம், ஆனா நம்மளும் நஷ்டத்த குறைக்க முடிஞ்சத செஞ்சிருக்கணும், அதனால வேற ஒரு ஆள்கிட்ட அந்த பாக்ஸ மட்டும் மாத்த எவ்வளவு ஆகும்னு எழுத்துல கொட்டேஷன் வாங்கி வெச்சேன். வேலை எழுதுனபடி முடிஞ்சாதான் கடைசி தவணைன்னு அக்ரிமெண்ட்லயே இருந்துச்சு, அத குடுக்கல.

அப்பவும் மசியல. ஸ்பீட் போஸ்ட்ல நோட்டீஸ் அனுப்பிட்டு 1915க்கு போன் பண்ணி புகார் பதிஞ்சேன், அது தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன், அவங்க தீர்ப்பெல்லாம் குடுக்க மாட்டாங்க, கம்பெனிகிட்ட பேசி பாப்பாங்க. நோட்டீஸ்ல தெளிவா எழுதியிருந்தேன், சரி பண்ணலைன்னா நுகர்வோர் ஆணையத்துக்கு போவேன்னு. பயப்பட ஒண்ணும் இல்லங்க, 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டப்படி நாம குடியிருக்கற மாவட்டத்துலயே கேஸ் போடலாம், குடுத்த தொகை 5 லட்சத்துக்குள்ளன்னா ஃபீஸ் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்ல, ஆன்லைன்லயும் போடலாம், பிரச்சனை வந்ததுல இருந்து 2 வருஷத்துக்குள்ள போட்டுடணும்.

நோட்டீஸ் போனப்புறம் ஓனரே வீட்டுக்கு வந்தாரு. பார்ட்டிகிள் போர்டு எல்லாத்தையும் கழட்டிட்டு மரைன் ப்ளை போட்டாங்க, ஒவ்வொரு ஷீட்லயும் 710 முத்திரை பாத்துதான் உள்ள விட்டேன். லேட்டுக்கு கடைசி தவணைல ஒரு தொகை கழிச்சுக்கறதா எழுதி கையெழுத்தும் வாங்கிட்டேன்.

ஹிஞ்ச், டிராயர் சேனல் எல்லாம் நல்லாதான் ஓடுது. 2 ஸ்டார் டிசைனுக்கும் கடைசில மாத்தி குடுத்ததுக்கும். தங்கச்சி வீட்டு கிச்சனுக்கு இவங்ககிட்ட குடுக்கலாமான்னு கேட்டா, வேண்டாம்னுதான் சொல்லியிருக்கேன்.