பழைய மொனிட்டரைப் புதிய லெப்டொப்பில் பாவித்தல்: எந்த அடப்டர் நின்று பிடிக்கும்?

கடைக்குப் போகும் முன் மொனிட்டரைத் திருப்பி அதன் முதுகைப் பாருங்கள். நீல நிற விஜிஏ வாய் மட்டும்தானா, பக்கத்தில் வெள்ளை நிற டிவிஐ வாயும் இருக்கிறதா என்பதிலேயே பாதி விடயம் முடிந்துவிடும். மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் அலுவலகங்கள் கழித்துவிட்டும், ரீகண்டிஷன் என்ற பெயரிலும் கைமாறும் 17, 19 அங்குல மொனிட்டர்களில் இரண்டு வாயும் உள்ளவை நிறைய. ஆனால் கூடவே கிடைப்பது பெரும்பாலும் விஜிஏ கேபிள்தான். டிவிஐ வாய் தூசி மூடிக் கிடக்கும். பலர் அதைக் கவனிப்பதுகூட இல்லை.

கவனித்தால் லாபம். லெப்டொப்பில் இருக்கும் எச்டிஎம்ஐ வாயும் மொனிட்டரின் டிவிஐ வாயும் படத்தை அனுப்பும் முறை ஒன்றுதான், வாயின் வடிவம் மட்டுமே வேறு. எனவே எச்டிஎம்ஐ–டிவிஐ கேபிளுக்குள் சிப் எதுவும் கிடையாது. சூடாகாது, மின்சாரம் கேட்காது, பழுதாகவும் அதில் பெரிதாக ஒன்றுமில்லை. 60 ஹேர்ட்ஸில் 1920×1200 வரை தாராளமாகப் போகும். எழுத்து ஊசி முனை போலத் துல்லியமாக விழும். வாங்கும்போது ஒரு பொறி உண்டு. தட்டையான அலகைச் சுற்றி நான்கு சிறு ஊசிகள் உள்ள 24+5 வகை அடப்டர், டிஜிட்டல் மட்டும் ஏற்கும் டிவிஐ வாய்க்குள் போகாது. 24+1 அல்லது 18+1 வகையைக் கேளுங்கள். தெரியாமல் வாங்கிய சிலர் அந்த நான்கு ஊசியையும் முறித்துச் செருகப் பார்ப்பார்கள். அதை நம்பாதீர்கள், அதற்குப் பிறகு கடையில் மாற்றவும் முடியாது.

விஜிஏ மட்டும்தான் என்றால் கதை வேறு. 1987இல் ஐபிஎம் கொண்டுவந்த இந்த அனலொக் இணைப்பை 2015க்குள் கைவிடப்போவதாக இன்டெல்லும் ஏஎம்டியும் 2010 டிசம்பரிலேயே அறிவித்துவிட்டன. புதிய லெப்டொப்பிலிருந்து வருவது டிஜிட்டல், மொனிட்டர் கேட்பது அனலொக். ஆகவே நடுவில் ஒரு மாற்றிச் சிப் கட்டாயம். சிப் இல்லாத வெறும் எச்டிஎம்ஐ–விஜிஏ வயர் எந்தக் காலத்திலும் படம் காட்டாது. திசையும் முக்கியம்: எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏக்கு ஒன்று, விஜிஏயிலிருந்து எச்டிஎம்ஐக்கு இன்னொன்று. பார்வைக்கு இரண்டும் சகோதரங்கள் மாதிரி இருக்கும், ஒன்றின் வேலையை மற்றது செய்யாது.

நீண்ட பாவனையில் தொல்லை தருவது அந்தச் சிப்புக்கான மின்சாரம். எச்டிஎம்ஐ வாயின் 18ஆவது ஊசி 5 வோல்ட் கொடுக்கும். ஆனால் விதிப்படி உறுதியானது 55 மில்லி அம்பியர் மட்டுமே. பல மாற்றிகள் அதற்கு மேல் கேட்கும். சில லெப்டொப்கள் தாராளமாகக் கொடுக்கும், சில கொடுக்கா. திரை இரண்டு விநாடி கறுத்துத் திரும்பவும் வருவது, அறை சூடான பின்னேரங்களில் அது கூடுவது எல்லாம் இதன் அடையாளம். எனவே பக்கவாட்டில் சிறிய யூஎஸ்பி மின்வாய் உள்ள மாற்றியையே எடுங்கள். போன் சேர்ஜரிலிருந்து ஒரு வயர் போதும். அதோடு சாண் நீள வால் உள்ளதைத் தேடுங்கள். நேராகச் செருகும் கட்டை வகையில் தடித்த விஜிஏ கேபிளின் பாரம் முழுவதும் லெப்டொப் வாயில் தொங்கும். அடப்டர் போனால் இன்னொன்று வாங்கலாம். வாய் ஆடத் தொடங்கினால் மதர்போர்டில் கைவைக்க வேண்டும்.

அடப்டரைக் குறைசொல்லும் முன் கேபிளைச் சோதியுங்கள். விஜிஏ ஊசி 1, 2, 3 முறையே சிவப்பு, பச்சை, நீலம். திரை மஞ்சளித்தால் நீலம் அறுந்திருக்கிறது. ஊதா கலந்த இளஞ்சிவப்பு என்றால் பச்சை. பச்சை கலந்த நீலம் என்றால் சிவப்பு. ஒன்பதாவது ஊசி இல்லாமல் பல கேபிள்கள் வரும், அது குறையல்ல. 12, 15 இரண்டும்தான் மொனிட்டரின் விபரத்தை லெப்டொப்புக்குச் சொல்பவை. மலிவுக் கேபிளில் அவை இணைக்கப்படாவிட்டால் 1024×768 போன்ற பொது அளவுகள்தான் பட்டியலில் வரும், மொனிட்டரின் சரியான அளவு வராது.

இணைத்த பின் விண்டோஸ் விசையோடு பி விசையை அழுத்துங்கள். அதில் இரு திரையிலும் ஒரே படம் காட்டும் தெரிவை விட்டு, திரையை நீட்டும் தெரிவுக்குப் போங்கள். திரையின் அகல உயர விகிதம் லெப்டொப்பில் 16:9 அல்லது 16:10, பழைய 19 அங்குலச் சதுரத் திரை 5:4. ஒரே படம் என்றால் இரண்டிலொன்று மங்கத்தான் செய்யும். பிறகு மொனிட்டரின் சொந்த அளவை வையுங்கள்: சதுர 17, 19 அங்குலம் 1280×1024, அகல 19 அங்குலம் 1440×900, 22 அங்குலம் பெரும்பாலும் 1680×1050. 75 ஹேர்ட்ஸ் காட்டினாலும் 60 போதும். வெள்ளைப் பின்னணியில் எழுத்து நிறைந்த பக்கம் ஒன்றைத் திரை முழுக்கத் திறந்துவிட்டு மொனிட்டரின் ஓட்டோ பொத்தானை அழுத்துங்கள். வெறும் கறுப்புத் திரையில் அழுத்தினால் அது ஓரத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் படத்தைச் சரித்துவிடும்.

விஜிஏயில் ஒலி போகாது. ஆனால் ஒலிச் சிப் உள்ள மாற்றியைச் செருகினால் விண்டோஸ் சத்தத்தை அங்கே திருப்பி, லெப்டொப் ஊமையாகிவிடலாம். சத்த அமைப்பில் மாற்றினால் சரி. படப் பாதுகாப்பு முறை விஜிஏயில் இல்லாததால் சில கட்டணப் படத் தளங்கள் கறுப்புத் திரைதான் காட்டும். அதற்கு மருந்தில்லை.

யூஎஸ்பி-சி வாய் மட்டுமே உள்ள லெப்டொப்பில், அந்த வாய் படம் அனுப்புமா என்பதே முதல் கேள்வி. பக்கத்தில் டிஸ்ப்ளேபோர்ட் சின்னமோ தண்டர்போல்ட் மின்னல் குறியோ இருந்தால் நம்பலாம். பற்றரிப் படம் சார்ஜை மட்டுமே சொல்லும். குறி எதுவும் இல்லையென்றால் தயாரிப்பாளரின் விபரப் பக்கத்தைப் பார்க்காமல் அடப்டர் வாங்காதீர்கள். படம் அனுப்பாத வாய்க்கு, படத்தைச் சாதாரண யூஎஸ்பி தரவாக அனுப்பும் டிஸ்ப்ளேலிங்க் போன்ற அடப்டர்தான் வழி. அதற்கு டிரைவர் மென்பொருள் வேண்டும், விலையும் கூட. அந்தக் காசுக்கு எச்டிஎம்ஐ உள்ள பாவித்த மொனிட்டரைப் பார்ப்பது புத்தி.

கடலுக்கும் வாவிக்கும் நடுவே இருக்கும் நம் வீடுகளில் உப்புக் காற்று இணைப்புகளைத் தின்னும். கல்லடி, காத்தான்குடி, மருதமுனைப் பக்கம் என்றால் இடைக்கிடை கழற்றி, ஐசோபுரொப்பைல் அல்கஹோல் தொட்ட துணியால் துடைத்து, காயவிட்டுச் செருகுங்கள். திரையில் மெல்லிய பட்டைகள் மேலேறினால் லெப்டொப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். மறைந்தால் கோளாறு எர்த்தில். எர்த் துளையில் பேனையைக் குத்தி இரண்டு ஊசி பிளக்கைச் செருகும் நம்மூர் வழக்கத்தை இங்கே விட்டுவிட்டு, இரண்டையும் எர்த் உள்ள ஒரே மல்டிபிளக்கில் போடுங்கள். ஒக்டோபர், நவம்பர் இடி நேரத்தில் பிளக்கோடு விஜிஏ கேபிளையும் கழற்றுவது நல்லது.

மொனிட்டர் இரண்டு விநாடி ஒளிர்ந்து இருண்டால் எந்த அடப்டரும் உதவாது. டோர்ச்சைச் சரித்துப் பிடித்துப் பாருங்கள்: படம் மங்கலாகத் தெரிந்தால் பின்விளக்கோ அதன் மின்பலகையோ போயிருக்கிறது. கப்பாசிட்டர் வீங்கியிருப்பதும் வழமை. மாற்றினால் பல மொனிட்டர்கள் எழுந்துவிடும். ஆனால் கழற்றிய பின்னும் உள்ளே மின்னேற்றம் தங்கும் என்பதால் அதைத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.